நின்றுபோன பச்சைக் கோடு

கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பதுதான் அம்மாவின் பிழைப்பு. "டிஸ்க் செத்துடுச்சும்மா" என்று யாராவது வந்து நின்றால், "சாகல, சாகப்போகுது. அதுக்குள்ள எடுக்கணும்" என்பாள். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. மேசை, இரண்டு கணினி, டிஸ்க் சூடாகாமலிருக்க ஒரு சின்ன விசிறி, வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தெருவில் அவள் பெயர் டிஸ்க்கம்மா. தட்டச்சு மட்டும் தெரிந்தவள், அப்பா போன பிறகு ஒரு கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து மிச்சத்தைக் கற்றுக்கொண்டாள்.

மீட்கும் வேலையைச் செய்வது ஒரு நிரல். அதற்கு ஜன்னலும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். டிஸ்க்கைத் துண்டு துண்டாகப் படிக்கும். ஒரு துண்டு முடிந்தால் ஒரு வரி எழுதும். படிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டு மேலே போய், பிறகு திரும்பி வரும். அம்மா அந்த வரிகளைப் பார்த்தே டிஸ்க்கின் உடம்பைச் சொல்லிவிடுவாள். வைத்திருந்தது ஒரே விதி: வரிகள் நெடுநேரம் வராவிட்டால் டிஸ்க்கைப் படிக்கும் முள் ஒரே இடத்தில் கீறுகிறது என்று அர்த்தம், மின்சாரத்தை நிறுத்து, ஆறவிடு, மறுபடி தொடங்கு.

நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அந்த வரிகள் புரியவில்லை. "எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ போகுது. இன்னும் எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் அம்மா ஒரு செயலி எழுதினாள். ஒரு ஜன்னல், ஒரு பட்டன், ஒரு பச்சைக் கோடு. பட்டனை அமுக்கினால் செயலி உள்ளுக்குள் பழைய நிரலையே ஓட்டும். அது எழுதும் வரிகளை வாங்கி, அதிலிருக்கும் எண்ணை எடுத்து, கோட்டை நீட்டும். செய்திகளை அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். தொடங்கும்போது: "ஆரம்பிச்சாச்சு. மேசைய ஆட்டாதே." முடியும்போது: "முடிஞ்சுது. போய் சாப்பிடு."

சித்தி அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "கூடப் பொறந்தவ சாப்பிடுன்னு தொண்டை கிழியக் கத்தினா கேக்க மாட்டா. அவளே எழுதி வச்சத அதுவா சொன்னா கேப்பாளாம்."

இரண்டு மூன்று நல்ல டிஸ்க்குகளில் ஓட்டிப் பார்த்தாள். கோடு ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு வந்தது தையற்காரரின் டிஸ்க்.

அவருடைய மகள் காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிப் பெண். அவள் இருக்கும் வீடியோக்கள் எல்லாம் அதில்தான். வேறு பிரதி இல்லை. அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு பாதியைத் தொடும் முன் நின்றது. அம்மா காத்திருந்தாள். நகரவில்லை. விதிப்படி மின்சாரத்தை நிறுத்தினாள். ஆறவிட்டு மறுபடி இணைத்தபோது டிஸ்க் சுழலவில்லை.

விடுமுறைக்கு நான் வந்தபோது, "என்னன்னு பாருடி" என்றாள். மென்பொருள் எழுதுவது என் வேலை. எதுவரை படித்தோம் என்று அந்த நிரல் தனக்காக ஒரு கோப்பில் குறித்துவைக்கும். அதைத் திறந்தேன். கோடு நின்ற இடத்தைத் தாண்டி வெகுதூரம் படித்திருந்தது; ஆனால் அதுவரை எடுத்ததில் எந்த வீடியோவும் திறக்கவில்லை.

"அம்மா, அது நிக்கல. படிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கு."

"வரி வரலையே."

"நேரா திரையில எழுதும்போது ஒவ்வொரு வரியும் உடனே வரும். இன்னொரு செயலி நடுவுல நின்னு வாங்கினா, அந்த நிரல் வரிகளச் சேத்து வச்சு மொத்தமா கொட்டும். நல்ல டிஸ்க்ல வேகமா சேந்துடும், தெரியாது. இது மெதுவான டிஸ்க். சேர நேரமாயிருக்கு."

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். "அப்ப ஓடிட்டிருந்தத நான் நிறுத்தியிருக்கேன்."

நான் அந்தக் கோப்பை மூடினேன்.

"வயசான டிஸ்க்குன்னு சொல்லிடேன். அவருக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள் சித்தி.

"எனக்குத் தெரியும்ல?" என்றாள் அம்மா. போன் செய்து அவரை வரச் சொன்னாள்.

தையற்காரர் வந்தார். உட்காரவில்லை.

"உங்க டிஸ்க்க நான்தான் கெடுத்துட்டேன் அண்ணா."

"கோடு நின்னுடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

"கோடு நின்னுச்சு. வேலை நிக்கல. அது எனக்குத் தெரியாமப் போச்சு."

"அந்தக் கோட்டைச் செஞ்சது யாரு?"

"நான்தான்."

"கல்யாணத் துணிய வெட்டிட்டு, அளவு நாடா தப்பு காட்டிடுச்சும்மான்னு நான் வந்து நின்னா விடுவீங்களா?"

"விட மாட்டேன்."

அவர் மேசைமேல் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தார். எடுக்கவில்லை. "இங்கயே கிடக்கட்டும். வீட்டுல வச்சு என்னால பாத்துக்கிட்டிருக்க முடியாது."

அன்றே செயலியைத் திருத்தினோம். திரையோடு நேராகப் பேசுவதாக அந்த நிரலை நம்பவைக்க ஒரு வழி உண்டு. அப்படிச் செய்தால் வரிகளைத் தேக்காது. "அதையும் ஏமாத்தித்தான் வேலை வாங்கணுமா?" என்றாள் அம்மா. பிறகு கோட்டுக்குக் கீழே அவளாக ஒன்றைச் சேர்த்தாள்: கடைசி வரி வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும் ஒரு சின்ன எண். நாற்காலிக்காரர்கள் கோட்டைப் பார்த்தார்கள். அம்மா அந்த எண்ணை மட்டும் பார்த்தாள்.

தையற்காரரின் டிஸ்க்குக்கு அதே ரகத்தில் இன்னொன்று தேவைப்பட்டது, அதன் சர்க்யூட் பலகையைக் கழற்றி மாட்ட. பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டே இருந்தாள். அதற்குள் வயிற்றுவலி வந்தது. வாயு என்றாள். மருத்துவர் கட்டி என்றபோது அது கல்லீரலுக்குப் போயிருந்தது.

பலகை கிடைத்த வாரம் அவளால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. சித்தி முதுகில் தலையணையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள, பலகையை மாற்றி, பழைய பலகையிலிருந்த சின்னச் சில்லையும் பெயர்த்துப் புதியதில் ஒட்டினாள். டிஸ்க் சுழன்றது. பட்டனை அமுக்கிவிட்டு மருத்துவமனைக்கு வண்டி ஏறினாள்.

அங்கே தலைமாட்டில் நாடித்துடிப்பைக் கோடாகக் காட்டும் ஒரு திரை. நர்ஸிடம், "அந்தக் கோடு நேரா எங்கிட்டேருந்து வருதா, நடுவுல யாராவது வாங்கி வச்சுக்கிறாங்களா?" என்று கேட்டாள். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெளியே போக வேண்டியிருந்தது.

"டிஸ்க்கப் பாத்தியா?"

"பாத்தேன்மா. முக்கால் வந்துடுச்சு."

"கோட்டைக் கேக்கல. கடைசி வரி எப்ப வந்துச்சு?"

"நான் கிளம்பறதுக்கு முன்னாடி."

"இந்தத் தடவை நின்னாலும் நிறுத்தாதே. நிறுத்தினா மறுபடி எழுந்திருக்காது."

அவள் என்னிடம் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி.

எரித்துவிட்டு வந்த மறுநாள் அறைக்குப் போனேன். மருந்துக்கடைக்காரர் அறையைக் கேட்கிறார் என்று சித்தி அட்டைப்பெட்டிகளோடு வந்திருந்தாள். கோடு கடைசி முனைக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. கீழே இருந்த எண் மணிக்கணக்கில் போயிருந்தது. இப்போது அது பொய் சொல்லாது. முள் உண்மையாகவே ஓரிடத்தில் மாட்டியிருந்தது.

"ஓடுதா, போச்சா?" என்றாள் சித்தி.

"தெரியல."

"நிறுத்திப் பாரேன்டி."

டிஸ்க்கின் மேல் விரலை வைத்தேன். சூடு. உள்ளே மெல்லிய அதிர்வு. விதி நிறுத்து என்றது. விதியை வைத்தவள் வேண்டாம் என்றிருந்தாள். சித்தி மற்றதையெல்லாம் பெட்டியில் அடுக்கினாள். மேசையை மட்டும் விட்டுவைத்தோம்.

மறுநாள் மதியம் ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று. சாயங்காலம் ஜன்னலில் எழுந்தது: "முடிஞ்சுது. போய் சாப்பிடு."

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையற்காரர் வந்ததும் காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். "அம்மா எங்க?" சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வீடியோக்களில் பெரும்பாலானவை இருந்த இடத்தில், படிக்க முடியாததற்குப் பதிலாக நிரல் போட்டுவைத்த வெறும் சுழியங்கள். ஒன்று மட்டும் திறந்தது. படம் முழுக்கச் சாம்பல் நிறம். குரல் வந்தது. "அப்பா, போன நேராப் பிடிப்பா. தலை தெரியுதா? அப்பா, சிரிக்காத, நான் இன்னும் ஆரம்பிக்கவே..."

அங்கே அறுந்தது. அவர் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"இன்னும் ஏதாவது வருமா?"

"வராது. முடிஞ்சுது."

"நீயும் அவங்க மாதிரியே மறைக்காம சொல்லிடுற" என்றார். அந்த வீடியோவை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். போகும்போது டிஸ்க்கை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.