வெல்மா வாசிக்காத நான்காம் பக்கம்

காலை ஏழு மணிக்கு வெல்மா டேகட் வீட்டுக்குப் பின்னால் போய் மழைமானிக்குள் எட்டிப் பார்ப்பாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. முக்கால்வாசி நாள் அதற்குள் செத்த வண்டோ தூசியோதான் கிடக்கும். ஊதித் தள்ளிவிட்டு நோட்டில் பூஜ்யம் எழுதுவாள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கிழக்குப் பாலையில், நாலாயிரத்து இருநூறு அடி உயரத்தில், சேஜ் புதரும் உப்புமண்ணுமாகக் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ஒன்பது அங்குலம் மழை பெய்தாலே பெரிய விஷயம்.

அவளுக்கும் ஒரு காலத்தில் ஹார்லன் என்று ஒருத்தன் இருந்தான். இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரு வறண்ட ஆகஸ்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "நான் மழை பெய்யற ஊருக்குப் போறேன் வெல்மா, நீயும் வா" என்றான். அவள் போகவில்லை. தம்பி ராய்ஸை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. அம்மா இறந்தபோது ராய்ஸுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தது முதல் கல்யாணத்தில் அவன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தது வரை எல்லாம் அவள் கைதான். பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்தாள். மழைமானியைப் படித்துச் சொல்லும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஊரார் அதற்குக் கொடுத்தது ஒரு மரியாதை.

அந்த மரியாதை மே மாதக் கடைசிச் சனிக்கிழமை தெரியும். பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஊர்க்கூடத்துக்கு வருவார்கள். அங்கே தீயணைப்பு நிலையம் என்று ஒன்றும் கிடையாது. தீ வந்தால் அவரவர் தண்ணீர் வண்டியை எடுத்துக்கொண்டு அவரவரேதான் ஓட வேண்டும். அதனால் வானிலை அலுவலகம் அனுப்பும் கோடைக் கணிப்பை வெல்மா எழுந்து நின்று வாசிப்பாள். கடைசிப் பக்கம் தீ அபாயத்தைப் பற்றியது. அதை வாசித்து முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து தன் பேரைச் சொல்லி, தீ தாண்டாதபடி வீட்டைச் சுற்றி முப்பது அடிக்கு மண்ணை உழுது எந்தத் தேதிக்குள் வெறுமையாக்குவேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைப்பதில்லை, போய்ப் பார்ப்பதுமில்லை. ஆனால் அங்கே நின்று சொல்லிவிட்டு உழாமல் விட்டவன் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முந்திய மே மாதத்தை வெல்மா மறக்க மாட்டாள். அதற்கு முன் மூன்று வருஷம் ஒரே வறட்சி. ராய்ஸ் மாடுகளில் பாதியை விற்றுவிட்டான். நாற்பத்தைந்து வயதுக்காரன் அறுபது வயதுக்காரனைப் போல நடந்தான். அந்த மே மாதம் வானம் திறந்துகொண்டது. மூன்றரை அங்குலம். முழங்கால் உயரத்துக்குப் புல், கண்ணுக்கு எட்டியவரை பச்சை. அதில் பெரும்பகுதி ஊரார் ஏமாற்றுப்புல் என்று சொல்லும் புல். ஜூன் பிறந்ததும் சிவந்து, பிறகு வைக்கோலாகி, ஒரு பொறி பட்டால் குதிரையைவிட வேகமாக ஓடும். அது தெரியாதவர்கள் இல்லை அவர்கள். ஆனால் மூன்று வருஷம் புழுதியைத் தின்றவர்கள் பச்சையைப் பார்த்ததும் குழந்தைகளாகிவிட்டார்கள்.

அன்று ராய்ஸ் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். காபிப் பாத்திரத்துப் பக்கம் நின்று அக்காவைச் சீண்டினான்.

"என்ன மழைக்காரி, கையில அந்த ஒப்பாரிக் காகிதத்தக் கொண்டுவந்துட்டியா?"

"ஒப்பாரியா? போன வருஷம் நான் சொன்னது நடக்கலையாடா?"

"நடந்துச்சு, நடந்துச்சு. நீ வாய வெச்சாலே நடக்குது. அதுக்குத்தான் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாளு நல்லதா வாசியேன். இவங்க மூஞ்சியப் பாரு. எத்தன நாளாச்சு இப்படிச் சிரிச்சு."

அவன் மனைவி ஆர்டிஸ், ருபார்ப் தண்டை வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்புப் பண்டத்தை மேஜைமேல் வைத்தபடி, "எம் புருஷன் நேத்து ராத்திரி பாடினாரு வெல்மா. கேக்கவே சகிக்கல. ஆனா பாடினாரு" என்றாள்.

வெல்மா எழுந்து நின்றாள். நாலு பக்கம். முதல் மூன்று பக்கமும் மழையைப் பற்றியவை. ஒவ்வொரு வரிக்கும் கை தட்டினார்கள். நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். புல் இரு மடங்கு. ஜூலையில் கடும் வெயில். மழையில்லாத இடிமின்னல். வழக்கத்தைவிடப் பெரிய தீ அபாயம். தலையைத் தூக்கிப் பார்த்தாள். ராய்ஸ் மனைவியின் தோளில் கை போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா இறந்த பிறகு அவன் முதன்முதலாகச் சிரித்த நாள் அவளுக்கு நினைவு வந்தது.

காகிதத்தை மடித்தாள். "மீதியெல்லாம் வழக்கம்போலத்தான்" என்றாள்.

பண்ணைக்காரர்களே சேர்ந்து வைத்திருந்த தீயணைப்புக் குழுவின் தலைவர் க்ளீட் கட்டைக் குரலில், "வழக்கம்போலன்னா பையை வெட்டுங்க" என்றார். எல்லோரும் மேஜைக்கு நகர்ந்தார்கள். நான்காம் பக்கம் வாசிக்கப்படாததால் யாரும் எழுந்து நின்று தேதி சொல்லவில்லை.

ராய்ஸ் உழவில்லை. வீட்டைச் சுற்றி நின்ற புல்லை இலையுதிர் காலத்தில் மாடுகள் மேயட்டும் என்று பத்திரமாக விட்டுவைத்தான். அது ஜன்னல்வரை வளர்ந்தது.

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் ஒரு சொட்டு மழையில்லாமல் இடி இடித்தது. ராய்ஸ் தண்ணீர் வண்டியோடு பக்கத்துப் பண்ணைத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பியது. வெல்மாவின் சமையலறை வயர்லெஸ்ஸில் அவன் குரல் கேட்டது: "நான் வீட்டுக்குப் போறேன். பட்டிக் கதவு பூட்டியிருக்கு. மாடெல்லாம் உள்ள நிக்குது." க்ளீட் வேண்டாம் என்று கத்தியது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ. ஆர்டிஸ் அன்று நகரத்துக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். பட்டிக் கதவு திறந்திருந்தது. அறுபத்து நாலு மாடுகளும் தப்பித்துவிட்டன. கதவுச் சங்கிலியைப் பிடித்தபடியே கிடந்தான் ராய்ஸ். அவன் புதுத் தொப்பி மட்டும் வண்டிக்குள் இருக்கையின் மேல் கருகாமல் இருந்தது.

யாரும் வெல்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் எதுவும் தெரியாது. கணிப்பு வந்தது அவள் ஒருத்திக்குத்தான். நான்காம் பக்கத்தை அவள் மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். எரிக்கத் தீக்குச்சியைக் கையில் எடுத்தாள். அவளால் உரச முடியவில்லை.

ஆர்டிஸ் அதே இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டாள். ஞாயிறுதோறும் ஒரு டஜன் முட்டையோடு வெல்மாவின் வீட்டுக்கு வருவாள். இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ராய்ஸ் சொன்ன அசட்டு நகைச்சுவைகளை மறுபடி மறுபடி சொல்லிக்கொள்வார்கள். "எனக்கு இந்த உலகத்துல இப்ப நீ ஒருத்திதான்" என்று ஆர்டிஸ் சொல்லும்போதெல்லாம் வெல்மாவின் கண் மாவு டப்பாவுக்குப் போகும். இருந்த ஒரே உறவு அது. உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். அந்தப் பயத்தில் ஆறு வருஷம் முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷ மே மாதம் மறுபடி மழை வந்தது. மூன்றேகால் அங்குலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டையைக் கொடுத்துவிட்டு ஆர்டிஸ் வாசலிலேயே நின்றாள்.

"இந்தத் தடவ நான் உழப்போறதில்ல வெல்மா. வீட்டச் சுத்தி அவருக்குப் பிடிச்ச அந்தப் பச்சையப் பாக்கறப்ப, அவரே நிக்கற மாதிரி இருக்கு. இருக்கட்டுமே."

"உழுதுடு ஆர்டிஸ்."

"சும்மா பயப்படாதே. அந்த வருஷம் மாதிரி திடீர்னு வர்றத யாரு தடுக்க முடியும்? யாருக்குமே தெரியல இல்ல?"

 அந்த வாரம் வந்த கணிப்பைப் பிரித்ததும் வெல்மா முதலில் நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். ஏறக்குறைய அதே வார்த்தைகள்.

சனிக்கிழமை கூடத்தில் அவள் எல்லாவற்றையும் வாசித்தாள். நான்காம் பக்கத்தை மற்றப் பக்கங்களைவிட மெதுவாக வாசித்தாள். இந்த முறை கைதட்டல் இல்லை. பின்வரிசையிலிருந்து ஆர்டிஸ் கேட்டாள், குற்றம் சாட்டும் குரலில் இல்லை, சாதாரணமாக:

"இதே மாதிரி மழதானே அந்த வருஷமும்? அப்ப மட்டும் இவங்க ஏன் இதச் சொல்லல?"

க்ளீட், "வானிலைக்காரன் என்ன கடவுளா, ஒரு தடவ தப்பும்" என்றார்.

வெல்மாவுக்கு இன்னொரு வழி திறந்தது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் ஆர்டிஸ் அதை நம்புவாள். நம்பிக்கொண்டு, புல்லுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்வாள்.

காலையில் மாவு டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துவந்திருந்த, மஞ்சளாகிப்போன காகிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். அதில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"சொன்னாங்க ஆர்டிஸ். நான்தான் வாசிக்கல. உம் புருஷன் சிரிச்சுக்கிட்டு நின்னான். அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

 ஆர்டிஸ் எழுந்து முன்னால் வந்தாள். காகிதத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தாள். ஒரு முறை படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். வெல்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆர்டிஸ் டேகட்" என்றாள். "ஜூன் பத்துக்குள்ள உழுதுடறேன்."

பிறகு தான் பை கொண்டுவந்த தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொருவராக எழுந்து பேரும் தேதியும் சொன்னார்கள். வெல்மா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. முட்டை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜூன் எட்டாம் தேதி தூரத்தில் டிராக்டர் எழுப்பிய புழுதியை வெல்மா வாசலில் நின்று பார்த்தாள். பழுப்பு நிறப் புழுதி, தம்பி வீட்டை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தது. அது அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

ஆகஸ்டில் மத்தியானம் மூன்று மணிக்கு மழையில்லாமல் இடித்தது. சமையலறை வயர்லெஸ்ஸுக்கு முன்னால் வெல்மா இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புகை வடக்கே போனது, பிறகு திரும்பியது. ராய்ஸின் பண்ணைப் பக்கம் வானமே தெரியவில்லை. தம்பி கடைசியாகப் பேசிய அதே பெட்டி. அதன் கரகரப்பு ஒவ்வொரு முறை எழும்போதும் அவள் ஒலியைக் கூட்டினாள்.

ஐந்தரை மணிக்கு ஒரு பெண் குரல் கேட்டது. இருமி, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"வெல்மா. ஆர்டிஸ் பேசறேன். உழுத மண்ணு வரைக்கும் வந்து நின்னுடுச்சு. வீடு இருக்கு."

வெல்மா பொத்தானை அழுத்தினாள்.  அழுத்தியபடியே அழுதாள். அது எதிர்முனையில் கேட்டிருக்க வேண்டும்.

விரலை எடுத்தாள். பிறகு, "அவ்வளவுதான் சொல்ல வந்தேன்" என்றாள் ஆர்டிஸ். பெட்டி அடங்கிவிட்டது.

அந்த ஞாயிறும் முட்டை வரவில்லை. வெல்மா காலை ஏழு மணிக்குக் கொல்லைக்குப் போனாள். மழைமானிக்குள் சாம்பல் படிந்திருந்தது. அதை ஊத மனமில்லை. நோட்டில் பூஜ்யம் எழுதி, பக்கத்தில் சாம்பல் என்று எழுதினாள்.