உரியவளிடம் மட்டும் சொன்ன அண்ணன்

இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைவுறும் எங்கள் அண்ணன் அவர்களைப் பற்றி எழுத, உடன்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். புகழ்ந்து எழுதச் சொல்கிறார்கள். உள்ளதை எழுதுகிறேன்.

அண்ணன் தேரூரில், நெல்லுக்குக் குறைவில்லாத வீட்டில் பிறந்தார்கள். எங்கள் தம்பிக்குக் காது குத்திய அன்று ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், பச்சிலை வைத்தார்கள், கண்ணேறு கழித்தார்கள். மறுநாள் தம்பி இல்லை. அம்மாவின் அண்ணனும் சிறுவயதில் அப்படித்தான் போனார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. சென்னையில் மருத்துவம் முடித்து, கப்பலேறிப் போய்ப் பரம்பரை நோய்களைப் பற்றிப் படித்து, நாடு விடுதலை பெற்ற வருடம் அண்ணன் ஊர் திரும்பினார்கள்.

ரத்தம் உறையாமல், தாய்வழியாக வந்து ஆண்பிள்ளைகளைக் கொல்லும் அந்த நோய்க்கு மருந்து இல்லை. அவர்கள் கொண்டுவந்த சேதியே அதுதான். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை, காதுகுத்து வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய், தாய்வழியில் யாரும் ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று விசாரிப்பார்கள். நல்ல காரியத்தில் அபசகுனம் பேச வந்துவிட்டான் என்று ஏசி அனுப்பிய வீடுகளே அதிகம். இரணியல் பக்கம் ஒரு வீட்டில் அண்ணன், நோய் தாய்வழியாக வருவது என்று மாமியார் காதுபடச் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டார் மருமகளைப் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தங்கைகளைப் பெண் கேட்டு அதன்பின் யாரும் வரவில்லை. அண்ணனுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. பிறகு, சம்பந்தப்பட்ட பெண்ணைத் தவிர வேறு எவரிடமும் அவர்கள் வாய் திறந்ததில்லை.

எனக்கு வரன் அமைந்தபோது என்னைத் தனியே அழைத்தார்கள்.

"மக்கா, அம்மைக்க ரத்தத்துல உள்ளது உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி கெடையாது."

"மாப்பிள வீட்டுக்காரவ கேட்டா ஒண்ணுமில்லேண்ணு சொல்லிருங்க அண்ணா."

"பொய் சொல்ல மாட்டேன். உள்ளதையும் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது."

மாப்பிள்ளையின் தகப்பனார் நேரிலேயே வந்து கேட்டார். "டாக்டரே, ஒங்க தம்பி போனது குடும்பத் தீனம்ணு பேசிக்கிடுகாவ. பயப்பட ஒண்ணுமில்லையே?"

"எந்த வீட்டப் பத்தியும் நான் யாருகிட்டயும் சொல்லுகதில்ல" என்றார்கள் அண்ணன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. தாம்பூலத்தைத் தொடாமல் எழுந்து போனார்.

எனக்கு அந்த ஆத்திரம் இன்றும் முழுக்க அடங்கவில்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வாழ்க்கை அமைந்திருக்கும். நான் பெற்ற பிள்ளை தம்பியைப் போலப் போயிருக்கவும் கூடும். எது நடந்திருக்கும் என்று தெரியாமலேயே நான் கிழவியாவேன். என்னை வீட்டில் வைத்துக்கொண்டு தான் மணம் முடிக்க மாட்டேன் என்று அண்ணனும் இருந்துவிட்டார்கள்.

வயிற்றில் கட்டி வந்து படுத்த கடைசி நாட்களில் ஒருமுறை, "ரத்தத்தச் சோதிச்சே சொல்லுக காலம் வரும் மக்கா" என்றார்கள்.

"எனக்கா அண்ணா?" என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

கஞ்சி காய்ச்சித் தந்த அயல்வீட்டாருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், பதினாறு வரை உடனிருந்த சொந்தங்களுக்கும் என் நன்றி. அண்ணனைத் தனியே கண்டு கேட்டுப்போன பெண்கள் எவரும் சாவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால், டாக்டரை உனக்கு எப்படித் தெரியும் என்று ஊர் கேட்டிருக்கும். சகோதரிகளே, அவரவர் வீட்டு அடுக்களையில் நின்று அழுதிருப்பீர்கள். உங்களுக்கும் நன்றி. பயப்படாதீர்கள். நீங்கள் யார் யார் என்று அண்ணன் கடைசிவரை என்னிடமும் சொல்லவில்லை.