படகுகள் போன பிறகு ஓர் எண்ணெய்க் குளியல்

டீசல் இஞ்சின் மெக்கானிக்கின் பிழைப்பும் கல்யாண வீட்டுச் சமையல்காரர் பிழைப்பும் ஒன்றுதான். ஊரே உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் மட்டும் நிற்க வேண்டும். காரைக்காலில் விசைப்படகு இஞ்சின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று சர்க்கார் படகுகளையெல்லாம் கரையில் நிறுத்திவிடும். படகுக்காரர்கள் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் போவார்கள், சீட்டாடுவார்கள். போகிற போக்கில், "சும்மாதானே நிக்கிது, இஞ்சினைப் பிரிச்சுப் பார்த்துடுங்க" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். தடை நீங்கும் வரை எனக்குச் சோறு தண்ணீர் இருக்காது. முதுகு என்று ஒன்று இருப்பது வலியால்தான் தெரியும். தீபாவளிக்கு முன்னால் தையல் மெஷினில் குனிந்தவர்கள், பொங்கலுக்கு முன்னால் ஏணியில் நின்று வெள்ளையடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

தடை நீங்கிப் படகுகள் போனதும் வருகிற முதல் புதனோ சனியோ என்னுடைய நாள் என்று வைத்திருந்தேன். திட்டம் ஒன்றும் பெரிதில்லை. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறி, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளிக்க வேண்டும். மிளகு ரசமும் பருப்புத் துவையலும் சாப்பிட வேண்டும். பிறகு தூக்கம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக்கூடாது என்பது என் மனைவி மல்லிகாவின் வாதம். கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கலாமே என்பது என் வாதம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருஷங்களில் அந்த யோசனைக்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

கொல்லைப்புறத்தில் ஒரு பேச்சுவார்த்தை

முதல் வருஷம் எண்ணெய் தேய்க்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கொல்லையில் பலகை போட்டு, கோவணத்தோடு உட்கார்ந்து, காதுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யார் கூப்பிட்டாலும் ஆள் இல்லை என்று சொல்லும்படி மல்லிகாவிடம் சொல்லியிருந்தேன். கிளிஞ்சல்மேட்டு கோவிந்தசாமி வாசலுக்கே வரவில்லை. பக்கத்துச் சந்து வழியாக நேரே கொல்லைக்கு வந்து நின்றார். எல்லாப் படகும் போய்விட்டதாம். அவர் படகு மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறதாம்.

எண்ணெய் வைத்துவிட்டேன், இனி வெயிலில் இறங்கக்கூடாது, கண்ணுக்கு ஆகாது, காய்ச்சல் வரும் என்று எனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே கொடியில் கிடந்த என் கைலியை எடுத்து நீட்டினார். போய்ப் பார்த்தால் பேட்டரி ஒயர் கழன்று தொங்குகிறது. அதை மாட்டிவிட்டு, மீன்கூடை தூக்கும் பெண்கள் சிரிக்கச் சிரிக்க, எண்ணெய் வழிய அவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினேன். வருத்தமெல்லாம் அவருக்கு இல்லை. கொல்லையில் கைலியை நீட்டியபோது அவர் சொன்ன நியாயம் இதுதான்:

"எப்படியும் குளிக்கத்தானே போறீங்க, இஞ்சினைப் பார்த்துட்டு வந்து குளிங்களேன். ஒரே குளியலாப் போயிடும்!"

மாமியார் வீட்டு உபசாரம்

கடலை விட்டுத் தள்ளிப் போய்விட்டால் தப்பிக்கலாம் என்று அடுத்த வருஷம் ஒரு யோசனை வந்தது. திருநள்ளாறுக்கு மேற்கே மல்லிகாவின் ஊர். சுற்றி வயல்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய் இறங்கினோம். மாமியார் எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார். வாழையிலையெல்லாம் நறுக்கியாகிவிட்டது. விடிந்ததும் மச்சினன் சேகர் வந்து, "சும்மா பார்த்துட்டு வரலாம் வாங்க அத்தான்" என்று வயலுக்கு அழைத்துப் போனான். குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புசெட் இஞ்சின் அங்கே சாக்கு விரித்து அதன்மேல் பிரித்துப் போடப்பட்டிருந்தது. அவனே பிரித்தானாம். எது எங்கே இருந்தது என்று அவனுக்கு ஞாபகம் இல்லையாம்.

நாற்று காய்கிறது. எப்படி விட்டுவிட்டு வருவது? உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் தண்ணீர் கொட்டியது. கறுத்த கையோடு வீட்டுக்கு வந்து, எண்ணெய்க் கிண்ணத்தையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சும்மா குளித்தேன். முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும். மாமியாருக்கு மட்டும் ஏகத் திருப்தி. மோர் கொண்டுவந்து கொடுத்துச் சொன்னார்:

"மாப்பிள்ளைக்கு இங்க பொழுதே போகாதேன்னு நேத்துலேருந்து எனக்கு ஒரே கவலையா இருந்துச்சு."

மல்லிகாவின் வைத்தியம்

பிறகு செல்போன் வந்தது. நிம்மதி போயிற்று என்று நினைத்தேன், போகவில்லை. அந்த வருஷம் தலையில் சீயக்காயோடு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு படகு இஞ்சின் நின்று போய் மிதக்கிறது. எங்கள் தொழிலில் இதைவிட மானக்கேடு கிடையாது. ஒரு படகை இன்னொரு படகு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தால், "இஞ்சின் பார்த்தது யாரு?" என்பதுதான் ஊரின் முதல் கேள்வி. நான் செம்பைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிறேன். மல்லிகா போனை எடுத்துப் பேசுவது காதில் விழுகிறது.

"டேங்க்கு வத்துற வரைக்கும் ஓட்டினீங்களா? அதான் காத்து பிடிச்சிருக்கு. டீசல் ஊத்திட்டு, பில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவை லூசாக்கிக் கைப்பம்பை அடிங்க. நுரை நின்னு வெறும் டீசல் வர்ற வரைக்கும் அடிங்க. அப்புறம் இறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

வீட்டுக்கு வரும் டிரைவர்களிடம் இத்தனை வருஷம் நான் கத்திய கத்தல் ஒன்றுகூட வீணாகவில்லை. கடைசியில் ஒரு திட்டும் சேர்த்துக்கொண்டாள்; அதுவும் என்னுடையதுதான். நான் துவட்டிக்கொண்டு வருவதற்குள் மறுபடி போன். இஞ்சின் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்கு ரசத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். டிரைவர் போனில் சொன்னது ஒன்றுதான் கொஞ்சம் உறுத்தியது:

"அண்ணே, இனிமே நீங்க நிதானமாக் குளிங்க. நாங்க அண்ணிகிட்டயே கேட்டுக்குறோம்."

வசந்தாவுக்காகக் குளித்தது

சுனாமிக்கு அடுத்த கோடையில் நடந்தது இது. கருக்களாச்சேரி முருகையன் படகை அலை தூக்கிக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்பில் போட்டிருந்தது. இஞ்சினுக்குள் மண்ணும் உப்பும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்று எல்லோரும் சொன்னார்கள். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். நான் பிரித்து, ஒவ்வொன்றாகக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, கடைசியில் ஓட வைத்தேன். கரையில் ஓடியது. கடலில் ஓடுமா என்று எனக்கே நிச்சயமில்லை.

தடை நீங்கி மற்றவர்கள் போன பிறகு, ஒரு சனிக்கிழமை விடியலில்தான் அவன் புறப்பட்டான். அன்று போய் அன்றே திரும்புகிற தொழில். வீட்டில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போனவன், போனவன்தான். முருகையன் மனைவி வசந்தா அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்த அலையில் கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு அன்றுவரை கடல் பக்கமே வராதவள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். நான் நெற்றியில் கை வைத்துக் கடலைப் பார்ப்பதும், நடப்பதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தேன். அவள் கடலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, படகு போன மொத சனிக்கிழமை நீங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பீங்கன்னு அண்ணி சொல்லும். இன்னிக்கு ஏன் இங்கயே நிக்கிறீங்க? இஞ்சின்ல ஏதாச்சும் இருக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் பெண்ணின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. மல்லிகா இன்னும் எண்ணெய் காய்ச்சலை, அதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தேய்த்தேன், ஊறினேன், குளித்தேன். செம்புத் தண்ணீர் பாதி தலையில், பாதி தரையில். ஓய்வுக்கென்று செய்கிற காரியத்தை அவ்வளவு பயத்தோடு நான் செய்ததே இல்லை. தலை ஈரம் காயாமல், நெற்றி நிறைய விபூதியோடு, வேலையற்றவன் மாதிரி கரைக்குத் திரும்பி வந்து நின்றேன். வசந்தா என் தலையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் தூக்குவாளியை நீட்ட, வாங்கி நீராகாரம் குடித்தாள்.

பிற்பகலில் முருகையன் படகு வந்தது. யாரும் கட்டி இழுக்கவில்லை. தன் இஞ்சினில் தானே வந்தது. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வசந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கப் போனவள், திரும்பி என்னிடம் சொன்னாள்:

"குளிச்சுட்டு ஈரத்தலையோட வந்து நின்னீங்கல்ல, அப்பவே எனக்குப் போன உசிரு வந்துடுச்சுண்ணே."

ஆகவே, என்னைப் போல் அவதிப்படும் மகாஜனங்களே, மெக்கானிக் ஓய்வெடுப்பதும் ஒரு வேலைதான். அதையும் நாலு பேர் பார்க்கும்படி ஒழுங்காகச் செய்தால்தான் படகுக்காரர் வீட்டில் சோறு இறங்கும்.