உசாத்துணைக் கணினி

போர்க்காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்த எங்கள் நூலகத்துக்கு யாரோ ஒரு கணினியை அன்பளிப்புச் செய்தார்கள். வாசகர்கள் பயன்படுத்தவென்றுதான் கொடுத்தார்கள். நூலகருக்கோ கண்ணில் பட்டதெல்லாம் புத்தகம். அதற்கும் ஒரு எண் போட்டு, 'உசாத்துணை, இரவல் தரப்படமாட்டாது' என்று, அங்கேயே இருந்து பார்க்கும் நூல்களுக்குரிய சீட்டை ஒட்டி, அகராதிகளோடு கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தட்டச்சுப் படித்திருந்த நான் ஆசையோடு போய்க் கேட்டேன்.

"அது உசாத்துணை, புள்ள. பாக்கலாம், தொடப்படாது."

"அகராதியத் தொட்டுத்தானே பாக்கிறம்?"

"கரண்ட் வரட்டும், யோசிப்பம்."

மாதக்கணக்கில் இருண்டு கிடந்த ஊருக்கு ஒருநாள் மின்சாரம் வந்தது. ஓடிப்போனேன். அலுமாரி பூட்டியே இருந்தது. கணினிக்கென்று இழுத்த வயரில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. நூலகர் எனக்கும் ஒரு பிளேன்டீ நீட்டினார். நவீன தொழில்நுட்பத்தால் எங்கள் நூலக வாசகர்கள் கண்ட பயன் அந்த ஒரு பிளேன்டீதான்.