கேரம் போர்டில் ஒரு ரயில்வே கேட்

மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு குனிந்து நுழைய எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் நுழைந்திருக்கிறேன். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். அவசரம் என்று ஒன்றும் கிடையாது. வீட்டுக்குப் போய் காப்பி குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் அண்ணன் ரயில் டிரைவர். வள்ளியூருக்குப் பக்கத்தில் அப்படி நுழைந்த ஒரு பெரியவர் அவன் வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார். ஹார்ன் அடித்தான், பிரேக் போட்டான். பிரேக் போட்ட இடத்தில் ரயில் நின்றுவிடாது, அது பாட்டுக்கு வெகுதூரம் போய்த்தான் நிற்கும். விசாரணையில் அவன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் காதில்தான் அது ஏறவில்லை. பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து அறைக்குள் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். எது கேட்டாலும் "உம்", இல்லாவிட்டால் அதுவும் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துப் பொறுமையாக இருக்கச் சொன்னார். எங்களுக்குப் பொறுமை இருந்தது. ஆபீசுக்கு இல்லை. மறுபடி எஞ்சினில் ஏறுவானா, மேசை வேலை போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"மேசையில உக்கார வச்சா இவுக இப்படியே போயிருவாகய்யா" என்றாள் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி. எனக்கும் அந்தப் பயம்தான்.

அவனை மறுபடி ரயில் பக்கம் திருப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி, ரயிலை வீட்டுக்குள் கொண்டுவருவது. பரணில் கிடந்த கேரம் போர்டை இறக்கினேன். விரல் நீளத்துக்கு ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி, வளையமாய்ப் பூட்டுகிற தண்டவாளம், திருகினால் வேகம் கூடுகிற ஒரு சின்னப் பெட்டி எல்லாம் ஆன்லைனில் வரவழைத்தேன். ஐஸ்குச்சியில் பிளாட்பாரம், நீல பெயிண்டில் தாமிரபரணி, அதன்மேல் அட்டைப் பாலம். ஊதுபத்திக் குச்சிக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசிக் கேட் வைத்தேன். கேட் வேண்டுமா என்று ரொம்ப யோசித்தேன். கேட் இல்லாத லைனை அவன் ரயில் என்றே ஒத்துக்கொள்ள மாட்டான்.

தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஜல்லிக்குத்தான் திண்டாட்டம். டீத்தூள் சக்கையைக் காயவைத்துப் பரப்பினேன், எறும்பு மொய்த்தது. அந்தச் சமயத்தில் மதினி உவரிக் கோயிலுக்கு மண் சுமப்பதாக நேர்ந்திருந்தாள். கடலோரத்து மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து போய்க் கோயிலில் கொட்டுவது அங்கே நேர்த்திக்கடன். ஈரச் சேலையோடு அவள் போவதும் வருவதுமாக இருக்க, துணைக்குப் போன நான் நிழலில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பும் செம்மையுமாய்ப் பொடிப்பொடியான மணல். என் ரயிலுக்கு அளவெடுத்துச் செய்த ஜல்லி! சாப்பாட்டு டப்பாவைக் கழுவி நிறைய அள்ளிக்கொண்டேன்.

"சாமி மண்ணுய்யா, கால்ல படாம வையுங்க" என்றாள் மதினி.

பசை ஊற்றி மணலைப் பரப்பி, காய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். திருகினேன். ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டியது, பாலத்தில் ஏறி இறங்கியது, கேட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் 'கர்' என்று இழுத்து நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் போர்டையே தூக்கி வீசியிருப்பேன்.

அண்ணன் குனிந்து பார்த்தான்.

"நின்னுட்டு" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, நின்னுட்டுலே."

அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற மதினி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவன் இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் போர்டு முன்னால் வந்து உட்காருவான். யாரையும் தொட விடமாட்டான். நின்ற எஞ்சினையும் கேட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பான். "எங்கலே வாங்கின?" என்று ஒருநாள் கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நின்ற வண்டியைப் பார்த்துப் பூரிக்கிறவன் எப்படி எஞ்சினில் ஏறுவான்? அவன் குளிக்கப் போன நேரத்தில் எஞ்சினைக் கழற்றினேன். மோட்டாரில் தாடி மாதிரி கருப்பாய் மணல் ஒட்டியிருந்தது. உவரி மணலில் இரும்பு உண்டு, காந்தத்தைக் காட்டினால் தாவி ஒட்டும். வருஷா வருஷம் வகுப்பில் அதைச் செய்து காட்டுகிறவனே நான்தான். மோட்டாருக்குள் காந்தம் இருப்பதும் தெரியும். ரெண்டும் ஒரே மண்டைக்குள் இருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. என்ன வாத்தியாரோ!

"அது ஓடாட்டா என்னய்யா? அங்கனயே நின்னுட்டுப் போகட்டுமே" என்றாள் மதினி.

"ஓடுத வண்டியத்தான மதினி அண்ணன் ஓட்டணும்" என்றேன்.

மோட்டாரைப் பிரஷ்ஷால் துடைத்து, லைனில் பரப்பிய மணலையெல்லாம் சுரண்டி டப்பாவில் போட்டேன். அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் திருகினேன். ரயில் பாலத்தில் ஏறி இறங்கி, வேகம் குறையாமல் கேட்டைத் தாண்டிப் போயிற்று. சுற்றி வந்து மறுபடியும் தாண்டிற்று. நான் பெருமையாய் அவன் முகத்தைப் பார்த்தேன். அது பழையபடி மூடிக்கொண்டிருந்தது.

"இதுவும் நிக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பிறகு என்ன செய்ய? டப்பாவில் கிடந்த மணலை எடுத்துக் கேட்டுக்கு முன்னால் நானே தூவினேன். ரயில் அதே இடத்தில் 'கர்' என்று நின்றது. ஓடிப்போய் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"பாருண்ணே, நின்னுட்டு."

எஞ்சினைப் பார்த்தான். தண்டவாளத்தில் சிதறிக்கிடந்த மணலைப் பார்த்தான். என் விரல் நுனியிலும் ஒட்டியிருந்தது.

"இது தானா நிக்கல. நீல்லா நிப்பாட்டுத" என்றான். கோபமே இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்டான்: "வள்ளியூர்ல அன்னைக்கு நீ எங்கலே இருந்த?"

"பள்ளிக்கூடத்துல இருந்தேண்ணே" என்றேன்.

அந்த வாரமே மேசை வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டான். எந்த ரயிலுக்கு எந்த டிரைவர் போகவேண்டும் என்று ஆள் போடுகிற வேலை. பேச்சு அங்கேயும் அதிகமில்லை என்கிறார்கள். வேலை நேரம் முடிந்தாலும் வீட்டுக்கு வருவதில்லை. தான் அனுப்பிய வண்டிகள் எல்லாம் போய்ச் சேர்ந்ததாக ஒவ்வொன்றாகத் தகவல் வரும்வரை அந்த மேசையைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.