பவானிக் கரையில் ஒரு பேரன் துரை

காலை 6.40. உக்கடத்தில் நகரப் பேருந்து ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காந்திபுரத்தில் இறங்கி, 7.20-க்குப் புறப்பட்ட சத்தியமங்கலம் பேருந்தில் சன்னலோரம் இடம் பிடித்தேன். தூரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். கைப்பையில் தண்ணீர் பாட்டில், குடை, ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம்.

பஞ்சாலைகளுக்கு வந்து இறங்கும் ஜெர்மன் இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்குவது முப்பது வருடமாக என் தொழில். இயந்திரம் பொருத்த வந்த பொறியாளர் ஒருவர்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார். எழுதியவர் பெயர் ஹெட்விக். வயது எண்பத்தேழு, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். குடும்பப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

அவருடைய அப்பா ஆல்பிரெக்ட் ஒரு பரோன், நம்மூர் ஜமீன்தார் மாதிரி பரம்பரைப் பட்டம். நாலாயிரம் ஏக்கர், நாற்பது குதிரைகள், தேவாலயத்தை ஒட்டி முன்னோர்களைப் புதைக்கும் கல் மண்டபம். போர் முடியும் தறுவாயில் ரஷ்யப் படை நெருங்கியபோது மனைவியையும் மகளையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்கே தப்பினார். பிறகு வந்த அரசு நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. பிழைக்கப் போன இடத்தில் அடுத்தவர் பண்ணையில் பால் கறந்தார். ஐம்பது வயதை நெருங்கும்போது, மூன்று வருட ஒப்பந்தத்தில், ஒரு மிஷன் பண்ணையை நடத்த சத்தியமங்கலம் வந்தவர் திரும்பவே இல்லை.

‘அவர் எழுதிய கடிதங்களில் மழையும் மாடுகளும் மட்டுமே இருந்தன’ என்கிறார் ஹெட்விக். ‘வேறொரு குடும்பம் இருக்கிறது என்று அம்மா சாகும்வரை நம்பினாள். கல் மண்டபத்தை இப்போது உறவினர்கள் சேர்ந்து திரும்ப வாங்கிவிட்டோம். அவருடைய எலும்புகளை அங்கே கொண்டுவர முடியுமா என்று விசாரியுங்கள். அவர் எப்படி வாழ்ந்தார் என்றும் சொல்லுங்கள்.’

அன்னூரில் ஒரு பெண் காலிப் பூக்கூடைகளோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோவை மார்க்கெட்டுக்குப் பூ அனுப்புகிறவராம். அன்னூர்க் கடைகளில் பாக்கி வசூலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்.

“ஏனுங்கம்மணி, சத்தியில ஏதாச்சும் விசேசமுங்களா?”

“ஒரு கல்லறையைப் பார்க்கப் போறேங்க.”

“சொந்தக்காரங்களுங்களா?”

“இல்லைங்க, ஒரு ஜெர்மன்காரர். நான் பார்த்ததுகூட இல்லை.”

அவர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, கூடைகளை மடியில் அடுக்கிக்கொண்டு தூங்கிப்போனார்.

காலை 9.25. சத்தியமங்கலம். இட்லியும் காபியும் எழுபது ரூபாய். பவானிசாகர் சாலையில் ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டது. பேரம் பேசவில்லை. இரு பக்கமும் வாழை, இடையிடையே மல்லிகைத் தோட்டங்கள். வடக்கே மலை மங்கலாகத் தெரிந்தது. மிஷன் தோட்டம் என்று சொன்னதும் ஓட்டுநருக்குப் புரிந்துவிட்டது. தோட்டம் என்று இப்போது ஒன்றும் இல்லை. ஓட்டு வீடும் கான்கிரீட் வீடுமாக இரண்டு தெரு, ஒரு சிறிய தேவாலயம், பின்னால் கல்லறை நிலம். அதற்கும் பின்னால் ஆறு.

போதகர் நாற்பது வயதுக்காரர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். “பேரன் துரைங்களா?” என்று சிரித்தார். “பரோன்னு சொல்ல வராம சனங்க பேரன்னு கூப்பிட்டுப்போட்டாங்க. சின்ன வயசுல நானு, இவரு யாரோட பேரன்னு எங்கப்பாவக் கேட்டிருக்கேனுங்க.”

கடிதத்தின் சாரத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “கலெக்டர் ஆபீஸ் அனுமதி ஒருபக்கம் இருக்கட்டுங்க. மொதல்ல எங்க சபைக் கமிட்டி சம்மதிக்கோணும். கமிட்டில எஸ்தரம்மா இருக்காங்க. அவங்கதான் துரையக் கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டவங்க. அவங்க மாட்டேன்னா யாரும் மம்பட்டி எடுக்க மாட்டாங்க.”

காலை 10.30. எஸ்தரம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வீட்டு முன்னால் வேப்பமர நிழலில், பறித்த மல்லிகையைச் சாக்கில் பரப்பி, மலர்ந்த பூக்களைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். போதகர் விஷயத்தைச் சொன்னார். எஸ்தரம்மாவின் கை நிற்கவில்லை.

“இத்தன வருசம் எங்கிருந்தாங்களாமா அந்த மக?”

“அவங்கம்மா விடலைங்க. அப்பா வேற குடும்பம் வெச்சுக்கிட்டார்னு நினைச்சிருந்தாங்க.”

“குடும்பமா?” என்னை நேராகப் பார்த்தார். “பதினோரு குடும்பம் வெச்சிருந்தாருங்க. நாங்க பதினோரு ஊடு. எங்காளுங்களக் கெவுண்டமாரு கெணத்துல தண்ணி சேந்த உட மாட்டாங்க. தொரை வந்த வருசமே எங்களோட எறங்கி நின்னு கெணறு வெட்டுனாரு. எங்கூட்டுக்காரரு யோவானு, பண்ணையில மாட்டு வண்டிக்காரரு. ரெண்டு பேரும் ஒரே கடப்பாரைய மாத்தி மாத்திப் புடிப்பாங்களாமா. எனக்கு மாமியா சொன்னது.”

எஸ்தரம்மா கல்யாணமாகி வந்த வருடம் அணையில் உபரி நீர் திறந்துவிட்டார்கள். விடிகாலையில் ஆறு கல்லறை நிலத்தைத் தாண்டி ஏறிவிட்டது. மிஷன் தலைமையிடத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. துரையை மட்டும் கூட்டிவரச் சொல்லி உத்தரவு.

“தொரை டிரைவர்கிட்ட, கொழந்த வெச்சிருக்கறவங்கள ஏத்துன்னாரு. ஜீப்பு நாலு நட போச்சு. அஞ்சாவது நடைக்குத் தண்ணி ரோட்ட அடைச்சுப்போட்டுது. மிச்சம் நாங்க மூணு பேரு. நானு எங்கூட்டுக்காரர உட்டுப்போட்டுப் போக மாட்டேன்னு நின்னுக்கிட்டேன். யோவானு மாட்டு வண்டியக் கட்டுனாரு. தண்ணி வண்டிச் சக்கரத்துக் குடத்துக்கு மேல. மாடு மெரண்டு நிக்குது. தொரை எறங்கி மாட்டோட மூக்கணாங்கவுத்தப் புடிச்சுக்கிட்டு முன்னால நடந்தாரு, நெஞ்சளவு தண்ணீல.”

“கரை சேந்ததும் உக்காந்து அழுதாருங்க. அவரு அழுது அன்னைக்குத்தான் பாத்தேன். எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னாரு. ‘யோவானு, ஒருக்கா நானு மொத வண்டீல போயிட்டேன். குதிர மேச்சவங்க கேட்டுப் பக்கத்துல நின்னாங்க. எடம் இல்லீன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டேன்’னு. அவரு தமிழு அப்படியேதான் இருக்கும், நானா ஒண்ணும் சேக்கல. அதுக்கப்புறம் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல.”

சாக்கிலிருந்து ஒரு பூ கூடக் கீழே விழாமல் கூட்டிக் கூடையில் போட்டார். பிறகுதான் எழுந்தார். “வாங்க, காட்டறேன்.”

காலை 11.15. தேவாலயத்தின் வாசற்பக்கம் நான்கு வெள்ளைக்கார மிஷனரிகளின் கல்லறைகள், சலவைக் கல்லில். பரோன் அங்கே இல்லை. பின்பக்கம், ஆற்றை நோக்கிய வரிசையில், சிமெண்டு பூசிய மேடை ஒன்றின் முன் எஸ்தரம்மா நின்றார். அதில் இரண்டு பெயர்கள். மேலே ‘ஆல்பிரெக்ட்’ என்று மட்டும். பட்டம் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. கீழே ‘யோவான்’.

“ஒரே குழிங்களா?” என்றேன்.

“ஒரே குழிதானுங்க. தோட்டத்த மிஷன் மூடறப்ப தொரை எங்களுக்கு ஊட்டு எடத்துக்குப் பட்டா வாங்கிக் குடுத்தாரு. உங்களுக்கு என்ன வேணும்னு பெரியவங்க கேட்டாங்க. யோவானு குடும்பத்தோட ஒரு குழின்னு எழுதிக் குடுத்தாரு. தொரையக் கோயில் முன்னாலதான் வெக்கோணும்னு சண்ட வந்துது. எழுதுனதக் காட்டி நாங்க இங்க கொண்டாந்தோம். பத்து வருசத்துக்கு முன்ன எங்கூட்டுக்காரரு போனாரு. தொறந்து மேல வெச்சோம். நாளைக்கு நானும் அங்கதான்.”

போதகர் மெதுவாகச் சொன்னார்: “எல்லாம் கலந்து கெடக்குமுங்க. எது யாரோடதுன்னு பிரிக்க முடியாது.”

எஸ்தரம்மா என் கையைப் பிடித்தார். “கண்ணு, அந்தம்மாகிட்ட நல்லவிதமாச் சொல்லுங்க. தரமாட்டோம்னு சொல்லிப்போடாதீங்க. வந்தாங்கன்னா எங்கூட்ல தங்கட்டும். கட்டிலு இருக்குது.”

போதகர் வீட்டில் சபைப் பதிவேட்டில் ஒட்டியிருந்த, துரை எழுதிக் கொடுத்த அந்தத் தாளையும் பார்த்தேன். மூன்றே வரி. தமிழ் எழுத்துகள் பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் பெரிதாக, கோட்டுக்கு உள்ளேயே நின்றன. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

மதியம் 1.40. சாப்பிடாமல் விடமாட்டேன் என்றுவிட்டார் எஸ்தரம்மா. சோறும் கொள்ளுப் பருப்பும் ரசமும். அதன்பின் சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதியோர் இல்லத்தை அழைத்தேன். ஜெர்மனியில் அப்போது காலை பத்து மணி.

கேட்டதை ஒன்றுவிடாமல், எதையும் மெருகேற்றாமல் சொன்னேன். என் தொழில் அப்படி. மொழிபெயர்ப்பவர் கூட்டவோ குறைக்கவோ கூடாது. குதிரை மேய்த்தவர்கள் கேட்டுப் பக்கத்தில் நின்றார்கள் என்ற வாக்கியத்துக்கு வந்தபோது மட்டும் என் குரல் தயங்கியது.



“எனக்கு அப்போது ஏழு வயது” என்றார் ஹெட்விக். “வண்டியில் இடம் இருந்தது. என் காலடியில் வெள்ளிப் பாத்திரப் பெட்டி இருந்தது. அம்மா அதை இறக்க விடவில்லை. குதிரைக்காரரின் மகள் என்னுடைய வயதுதான். வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். விளையாட்டு என்று நினைத்து நான் கையசைத்தேன்.”

பக்கத்தில் கோபிச்செட்டிபாளையம் பேருந்து கிளம்பும் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“அவர் அதை எங்களிடம் ஒருநாளும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவர் எங்களை விட்டு ஓடிப்போனதாகவே வைத்துக்கொண்டோம்.” மூச்சு வாங்கினார். “அவரை எடுக்க வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். நான் வரமுடியாது, என் கால்கள் வராது. கட்டிலுக்கு நன்றி என்றும் சொல்லுங்கள்.”

சொல்வதாகச் சொன்னேன்.

“மண்டபத்தில் அப்பாவின் பெயரைச் செதுக்கக் கல்லை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறோம். அவர்மேல் படுத்திருப்பவரின் பெயரையும் சேர்க்கச் சொல்லப்போகிறேன். எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்.”

பைபிளில் வரும் அதே பெயர்தான், ஜெர்மனில் யோஹான் என்று எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

“வேண்டாம். அந்த அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டாரோ, அப்படி.”

யோ, வா, ன். அதை ஜெர்மன் எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் காகிதத்தில் எழுதும் ஓசை கேட்டது. பிறகு அவரே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார், சரிதானா என்று கேட்டார். சரி என்றேன்.

மதியம் 2.30. கோவைப் பேருந்து வந்தது. அதே ஐம்பத்தைந்து ரூபாய்.