குங்கிலியம் தோய்த்த நாரும் என் தமக்கையின் கூரையும்

ஐயா, அம்மையீர், வணக்கம். நான் பள்ளியில் அதிகம் கற்றவனல்லேன்; இராயபுரம் கடற்கரையில் மரப்படகுகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். எழுத்தைப் பின்னாளில் நானே பயின்றேன். பிழையிருந்தால் பொறுத்தருள்க.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் இருந்த என் தமக்கையின் ஓலைக்குடிசை எரிந்துபோயிற்று. கணவனை இழந்து, கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவள் அவள். உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் இனி ஓலையின்கீழ்ப் படுப்பதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். கடையில் விற்ற சிமெண்ட் தகடோ எங்கள் கைக்கு எட்டாதது. ஐப்பசி மழைக்கு முன் அவளுக்கொரு கூரை வேண்டும்.

தகட்டை நாமே வார்த்தால் என்ன என்று எண்ணினேன். வெறும் சிமெண்டை மெலிதாக வார்த்தால் தூக்கும்போதே உடையும். உள்ளே நார் வேண்டும். பழைய கப்பல் கயிற்றைப் பிரித்துத் தேங்காய்நார் எடுத்தேன். சிமெண்டின் காரம் நாளடைவில் வெறும் நாரை அரித்துவிடும் என்று, திருவொற்றியூரில் சிமெண்ட் வார்ப்புப் பட்டறையில் வேலை செய்த நண்பர் எச்சரித்திருந்தார். படகுப் பலகைகளின் இடுக்கில் நீர் புகாதிருக்க, குங்கிலியம் என்னும் மரப்பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது எங்கள் வழக்கம். அதிலேயே நாரையும் தோய்த்து வார்த்தேன்.

காய்ந்த தகட்டை உடைத்துப் பார்த்தபோது நார்கள் வழுக்கிக்கொண்டு முழுதாக வெளியே வந்தன. நீரை அண்டவிடாத பூச்சு சிமெண்டையும் அண்டவிடவில்லை. படகுக்கு நன்மையானது கூரைக்கும் நன்மையாகும் என நம்பிய என் கணக்கு தவறிற்று.

அடுத்த முறை எண்ணெயைக் குறைத்துக் காய்ச்சினேன். தோய்த்த நார் உலருமுன் கடற்காற்று மணலை வாரி அதன்மேல் அப்பிவிட்டது. அருகில் நின்ற தமக்கை சிரித்தாள்.

“என் கருவாட்டுல மண்ணு ஒட்டினா இன்னா திட்டு திட்டுவே! இப்ப நீயே மண்ணு பூசிகினு கீறியே!”

வேறு நார் இல்லாமையால் அதையே வைத்து வார்த்தேன். சுத்தியலால் அடித்தபோது அந்தத் தகடு கீறல் விட்டதேயன்றி இரண்டாகவில்லை. சிமெண்டுக்குப் பிடிப்பைத் தந்தது அந்த மணல்தான். அதன்பின் நாரை நானே மணலில் புரட்டலானேன்.

ஆனால் தமக்கையின் அச்சம் வேறு.

“கோயில்ல தூபக்கால்ல போட்டா பொகையிற சாமானுடா இது. இத்தயா என் கொயந்தைங்க தலைமேல வெக்கப்போறே?”

அவளே தகட்டுத் துண்டொன்றை எடுத்து, தெருவில் மூட்டியிருந்த அடுப்பின்மேல் வைத்தாள். விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த நார்முனைகள் படபடவென்று பற்றின. சிமெண்டை அடைந்ததும் தீ அடங்கியது.

“இந்த மீசையெல்லாம் இன்னாத்துக்கு? மொதல்ல செரைச்சிட்டு எடுத்தா.”

முனைகளை வெட்டி, விளிம்பெங்கும் சிமெண்ட் பூசிக் கூரை ஏற்றினேன். எனினும் அவள் பிள்ளைகளோடு வாசலிலேயே பாய் விரித்தாள், சமையலும் தெருவில்தான். நான் வற்புறுத்தவில்லை. தீயைக் கண்டவள் அவள். நான் தகட்டைத்தான் கண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு மாலை பெருமழை பிடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எல்லோரும் உள்ளே இருந்தனர். அவள் அண்ணாந்தபடி, “ஒரு சொட்டு எறங்கல. சத்தந்தான் பேஜாரு,” என்றாள். பின்னர், தீவிபத்துக்குப் பிறகு முதன்முறையாக, வீட்டுக்குள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஓலைக்கு மாற்றுத் தேடும் யாருக்கேனும் உதவலாம் என்பதால், இக்குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.